ஒரு கதவு, பல அமைப்புகள்: மூத்தோர் பராமரிப்பு குறித்து வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில மாதங்களாக நம் கேள்வி – பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் மூத்தோர் பராமரிப்பைப் பற்றியவை கூடிக்கொண்டே வருகின்றன. இது வியப்பளிக்கவில்லை. 2013-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 11.7 விழுக்காட்டினர், 2023-இல் 19.1 விழுக்காட்டினர்; 2030-இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்த வயதில் இருப்பார். தொண்டு அமைப்புகள் தங்களுக்குள் எவ்வாறு இணைந்து பணியாற்றுகின்றன, எங்கே இணையாமல் போகின்றன என்பதைத் தொட்டு வந்த ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 79. புக்கிட் மேரா வட்டாரத்தில் தனியாக வசிக்கிறார். ஓர் அமைப்பு மதிய உணவு கொண்டுவந்து தருகிறது. வேறோர் அமைப்பின் தொண்டூழியர் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போகிறார். மூன்றாவது அமைப்பு தொலைபேசியில் நலம் விசாரிக்கிறது. அண்மையில் இன்னும் இருவர் வந்து, முன்பு மற்றவர்கள் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு சென்றனர். எல்லாரும் நல்ல மனம் கொண்டவர்கள். ஆனால், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது அவர்களில் எவருக்கும் தெரியவில்லை. உணவு கொண்டுவருபவர் மட்டும் பிரிக்காத பொட்டலங்களைப் பார்த்திருக்கிறார். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை அமைப்புகள் இருந்தும் ஏன் இந்த நிலை? — வாசகி, செங்காங்

பதில்: சகோதரி, அம்மா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறோம். பிரிக்காத பொட்டலங்களைப் பார்த்தவருக்கு அதைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் உங்கள் கடிதத்தில் எங்களை மிகவும் வருத்திய செய்தி. மூத்தோர் வீட்டுக்குள் அன்றாடம் எட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் உணவு கொண்டுவருபவரோ துப்புரவுக்கு வருபவரோதான். மருத்துவர்க்கும் சமூக ஊழியருக்கும் தெரியாதவை அவர்கள் கண்ணில் படுகின்றன. ஆனால், அவர்கள் கண்டதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொறுப்பு எவரிடமும் இல்லையென்றால், ஐந்து அமைப்புகள் வந்து போனாலும் ஒருவரும் வராததற்குச் சமமான ஆபத்து உண்டு.

இந்த நிலைக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. நம் நாட்டின் மூத்தோர் சேவைகள் ஒரே திட்டத்தின்கீழ் பிறந்தவை அல்ல. ஸ்ரீ நாராயண மிஷன் 1948-இல் தோன்றியது. டச் சமூகச் சேவைகள் 1992-இல். லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ் 1995-இல். சமயப் பற்றினாலும், இனப் பற்றினாலும், அக்கம்பக்கத்துத் துன்பத்தைக் கண்ட இரக்கத்தினாலும் வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு காலங்களில் தங்கள் கண்முன் தெரிந்த தேவைக்குக் கைகொடுத்தார்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு, தனித்தனித் தொண்டூழியர், தனித்தனி நன்கொடையாளர் என்று அமைந்துவிட்டது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் முயற்சி பிந்தியே வந்தது. மூத்தோருக்கான சமூகக் கட்டமைப்பு என்ற பெயரில் அரசாங்க அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் அடித்தளத் தொண்டர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் முன்னோடித் திட்டம் 2016-இல் தொடங்கியது. நாட்டின் தொடக்க ஆண்டுகளில் உழைத்த முன்னோடித் தலைமுறையினரின் வீடுகளுக்குச் சென்று சலுகைகளை விளக்குவதற்காக 2014-இல் உருவான அலுவலகம், 2018-இல், பராமரிப்புச் சேவைகளை ஒருங்கிணைக்கும் அரசாங்க அமைப்பான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்போடு இணைந்து மூத்த தலைமுறை அலுவலகம் ஆயிற்று. உங்கள் அம்மாவிடம் கடைசியாக வந்த இருவர் வீடு வீடாகச் செல்லும் அதன் தூதர்களாகவும் இருக்கக்கூடும்.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது துடிப்பாக மூப்படைதல் நிலையம். முன்பு மூத்தோர் நடவடிக்கை நிலையங்கள் பெரும்பாலும் வாடகை வீடுகளில் இருந்த குறைந்த வருமானத்தினரையே கவனித்துவந்தன. 2021-இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டு, அந்த எல்லைக்குள் இருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவரும், வருமானமும் வீட்டு வகையும் எதுவாக இருந்தாலும், அதன் கவனிப்புக்கு உரியவர்கள் ஆனார்கள். 2025-க்குள் இத்தகைய நிலையங்களை 220 ஆக உயர்த்துவது இலக்காக வைக்கப்பட்டது. நடவடிக்கைகள் நடத்துவது, தனித்திருப்போருடன் நட்புறவு பேணுவது, தேவையான பராமரிப்புச் சேவைக்கு வழிகாட்டுவது ஆகிய மூன்றும் அதன் கடமைகள். இந்த எல்லை வகுக்கும் முறையை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ‘இந்த அம்மா யாருடைய பொறுப்பு?’ என்ற கேள்விக்கு ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் எண்ணை வைத்தே விடை சொல்ல முடிகிறது அல்லவா!

எனவே, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணை அழைத்து, அம்மாவின் புளோக்கைக் கவனிக்கும் நிலையம் எது என்று கேளுங்கள். அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்த நிலைய ஊழியரிடம் பேசுங்கள். வீட்டுக்கு வரும் மற்ற அமைப்புகளின் பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் காணும் எந்த மாற்றத்தையும் நிலையத்துக்குத் தெரிவிக்க அம்மா ஒப்புதல் தருகிறார் என்பதை அனைவருக்கும் எழுத்தில் கொடுங்கள். நிலையத்தின் எண்ணையும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, உணவு கொண்டுவருபவர் நிற்கும் இடத்தில் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இது மிக எளிய செயல். ஆயினும் எந்தக் கணினி அமைப்பையும்விட விரைவாக இது பலன் தரும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

குளியலறையைப் பற்றி ஒரு சொல். மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் கைப்பிடிகளும் வழுக்காத தரைப் பூச்சும் அமைக்க வீட்டமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) மானியம் தருகிறது. மானியம் 95 விழுக்காடு வரை உண்டு. அம்மா இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மனைவியை இழந்த என் அப்பாவைப் பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மூத்தோர் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். ஊழியர்கள் அன்பாக வரவேற்றார்கள். ஆனால் அங்கே நடப்பதெல்லாம் சீன மொழியில். அப்பாவுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். நான்கு முறை போய்விட்டு, “எனக்கு எதுக்குப்பா இது” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தமிழர்களுக்கென்று தனி நிலையம் வேண்டாமா? — வாசகர், பொங்கோல்

பதில்: அப்பாவின் மனநிலை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. சிரித்த முகத்தோடு வரவேற்கப்பட்டும், பேச ஆளின்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வீட்டுத் தனிமையைவிடக் கொடியது.

தனி நிலையம் என்ற யோசனை ஏன் எளிதன்று என்பதைச் சொல்லிவிடுகிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களும் ஓரிடத்தில் இல்லை. 1989-இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையினால் ஒவ்வோர் இனத்தவரும் எல்லாப் பேட்டைகளிலும் எல்லாப் புளோக்குகளிலும் பரவி வாழ்கிறோம். அந்தக் கொள்கை நமக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தந்தது. இந்நாட்டின் இன நல்லிணக்கத்துக்கு அடித்தளமாக இருக்கிறது. ஆனால் அதன் இன்னொரு விளைவையும் நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஒரு நிலையத்தின் எல்லைக்குள் தமிழ் மட்டுமே பேசும் மூத்தோர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருப்பார்கள். அந்தச் சிலருக்காகத் தமிழ் ஊழியர் ஒருவரை அமர்த்த எந்த நிலையத்தாலும் இயலாது. மறுபக்கம், தமிழ் அமைப்புகளிடம் மொழி இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்ன புளோக்கில் இன்ன மாடியில் ஒரு தமிழ் முதியவர் தனியாக இருக்கிறார் என்ற செய்தி அவர்களிடம் இல்லை. முகவரி ஒருவரிடமும் மொழி இன்னொருவரிடமும் இருக்கும்போது, இருவரும் கைகோக்காமல் உங்கள் அப்பாவின் தனிமை தீராது. இதை நாங்கள் வெறும் வசதியாகக் கருதவில்லை. தமிழ் மூத்தோரைப் பொறுத்தவரை கூட்டு முயற்சி இல்லையேல் சேவையே இல்லை.

ஆகவே, நாங்கள் விரும்புவது பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் சேர்ந்து நடத்தும் தமிழ் நாள். நான்கைந்து நிலையங்கள் ஒன்றுகூடி, வாரத்தில் ஒரு காலைப் பொழுதை அவற்றில் ஒன்றில் தமிழுக்கென ஒதுக்கலாம். மற்ற நிலையங்கள் தங்கள் எல்லையில் உள்ள தமிழ் மூத்தோரை வேனில் அழைத்துவரலாம். நிகழ்ச்சியை வழிநடத்தச் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் இருக்கின்றன. கோயில்களும், தமிழ் முஸ்லிம் அமைப்புகளும், தமிழ் வழிபாடு நடக்கும் தேவாலயங்களும் இருக்கின்றன. 1991-இல் கல்வியை முன்னிறுத்தித் தொடங்கிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), இந்தியக் குடும்பங்களை நன்கு அறிந்த அமைப்பு. பேரப் பிள்ளைக்குத் துணைப்பாடம் தேடி வரும் குடும்பத்தில் தாத்தா ஒருவர் தனித்திருப்பதை முதலில் அறியக்கூடியது அதுதான். அந்தச் செய்தி, குடும்பத்தின் ஒப்புதலோடு, வட்டார நிலையத்துக்குப் போய்ச் சேர வழி இருக்க வேண்டும்.

உணவும் இதில் அடங்கும். சமைத்த உணவு வழங்கும் திட்டத்தில் சைவ உணவு கிடைப்பதும், அது நம் நாக்குக்குப் பழகிய சோறும் சாம்பாருமாக இருப்பதும் வெவ்வேறு. மரீன் பரேட் வட்டாரத்தில் மோன்ட்ஃபர்ட் கேர் அமைப்பு நடத்தும் சமூகச் சமையலறையில் மூத்தோர் தாங்களே கூடிச் சமைத்து உண்கிறார்கள். அத்தகைய ஏற்பாட்டில் ஒரு நாள் நம் பாட்டிமார்கள் கையில் கரண்டியைக் கொடுத்தால், சீன, மலாய்ப் பாட்டிகளும் ரசத்தின் பக்குவம் கேட்டு வந்து நிற்பார்கள்.

உங்கள் அப்பாவின் ‘கொஞ்சம் மலாயை’க் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவர் வயதுச் சீனர்கள் பலர் சந்தை மலாய் பேசி வளர்ந்தவர்கள். கம்பத்திலும் துறைமுகத்திலும் தமிழரும் சீனரும் பேசிக்கொண்டது அந்த மொழியில்தான். இளம் ஊழியர்களுக்கு இது தோன்றாமல் இருக்கலாம். நிலையத்தின் மேலாளரிடம் சொல்லி, மலாய் பேசக்கூடிய இரண்டு மூத்த சீன நண்பர்களோடு அப்பாவை ஒரே மேசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முதுமை மறதிநோய் வந்தவர்களில் சிலர், பின்னாளில் கற்ற மொழியை மெல்ல விட்டுவிட்டுத் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். வேற்று மொழியில் நடத்தப்படும் நினைவாற்றல் சோதனையில் தடுமாறும் ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்கிறதா, மொழி புரியவில்லையா என்று பிரித்தறிவதும் கடினம். அன்றாடம் தமிழில் உரையாட ஒருவர் இருந்தால், மாற்றம் முதலில் அவருக்குத்தான் தெரியவரும். மறதிநோய் உள்ளோருக்கு உதவும் டிமென்ஷியா சிங்கப்பூர் போன்ற அமைப்புகளும் தமிழ்த் தொண்டூழியர் குழுக்களும் நெருங்கிப் பழக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள். ஆண்டுதோறும் தீபாவளிக்கு வாடகை வீடுகளில் இருக்கும் மூத்தோருக்கு அரிசி, எண்ணெய், பலகாரம் அடங்கிய அன்பளிப்புப் பை கொடுக்கிறோம். இதைப் பெரிதாக்கி, அறநிறுவனமாகப் பதிவு செய்து, மூத்தோருக்காகவே ஓர் அமைப்பு தொடங்கலாமா? — வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் நல்லெண்ணத்தைப் பெரிதும் போற்றுகிறோம். ஆயினும், புதிய அமைப்பு இப்போது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பதிவு செய்வதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அறநோக்கத்துக்கென்றே நிறுவப்படும் அமைப்பு, நிறுவப்பட்ட மூன்று மாதங்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறநிறுவனச் சட்டம் கூறுகிறது. அதன்பின் நிர்வாகக் குழு, கணக்கு, ஆண்டறிக்கை என்று பொறுப்புகள் வரிசையாக வரும். பன்னிரண்டு பேரின் ஓய்வு நேரத்தில் பெரும்பகுதியை அந்த வேலைகளே எடுத்துக்கொள்ளும். மூத்தோருக்குக் கிடைக்கவேண்டிய நேரம் அது.

தீபாவளியைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். பண்டிகைக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஒரே வாடகைப் புளோக்குக்கு மூன்று, நான்கு குழுக்கள் பைகளோடு வருகின்றன. தனியாக இருக்கும் ஒருவர் ஐந்து கிலோ அரிசிப் பைகள் மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நீரிழிவு உள்ளவர் வீட்டில் இனிப்புப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். தை பிறந்ததும் ஒருவரும் வருவதில்லை. மருத்துவச் சந்திப்புக்குக் கூட்டிச் செல்ல ஆள் வேண்டும்போது அதே முதியவர் தனியாக டாக்சி பிடிக்கிறார். கொடுப்பவர் எவரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு குழு வருவது மற்றொரு குழுவுக்குத் தெரிந்திருந்தால், யாராவது ஒருவர் பங்குனியை எடுத்துக்கொண்டிருப்பார்கள், வேறொருவர் ஆடியை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, உங்கள் வட்டாரத்தின் துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்குச் சென்று, எந்த மாதத்தில் எந்த உதவிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று முதலில் கேளுங்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) துணையாகச் செல்வது, மருத்துவமனையிலிருந்து வரும் கடிதத்தைத் தமிழில் விளக்குவது, கைப்பேசியில் காணொளி அழைப்புக்குப் பழக்குவது போன்றவற்றை அவர்கள் சொல்லக்கூடும். அவற்றில் இரண்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: எந்த நாளில் வருவீர்கள், கவலை தரும் எதையும் கண்டால் நிலையத்தில் யாரிடம் சொல்வீர்கள், உங்களில் ஒருவர் விலகினால் எத்தனை வாரத்துக்கு முன் தெரிவிப்பீர்கள். நட்பின் பேரில் வாய்மொழியாகச் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பல, அந்த நட்புக்குரிய ஊழியர் வேலை மாறிப் போன மாதத்திலேயே அறுந்துவிடுகின்றன. எழுத்தில் இருப்பது புதிய ஊழியரின் கைக்கும் போய்ச் சேரும்.

அமைப்புகள் தங்களுக்குள் விலகி நிற்பதற்கு நன்கொடையும் ஒரு காரணம். நிதி கொடுப்பவர், ‘உங்கள் அமைப்பு எத்தனை பேருக்கு உதவியது?’ என்று கேட்கும்போது, ஒரே முதியவரை மூன்று அமைப்புகள் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்ள நேர்கிறது. அவரை இன்னோர் அமைப்பிடம் ஒப்படைத்தால் தம் எண்ணிக்கை குறையும் என்ற தயக்கமும் வருகிறது. இந்தப் பதிலைப் படிக்கும் வணிகர்களும் அறக்கட்டளை நடத்துவோரும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ‘நீங்கள் யாருடன் சேர்ந்து பணியாற்றினீர்கள், உங்களால் முடியாததை யாரிடம் ஒப்படைத்தீர்கள்?’ என்று நன்கொடையாளர் கேட்கத் தொடங்கினால், ஒப்படைப்பதும் ஒரு சாதனையாக எண்ணப்படும்.

கேள்வி: எனக்கு வயது 71. அமைப்புகள் இணைந்து பணியாற்றுவது என்றால் என் நோய், என் வருமானம், என் முகவரி எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடாதா? மோசடிகள் பெருகிவிட்ட காலத்தில் கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. — வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. 2012-இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுவாக உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு தொண்டு அமைப்பு உங்கள் விவரங்களை இன்னொன்றுக்குத் தரக்கூடாது; கொடுத்த ஒப்புதலை நீங்கள் திரும்பப் பெறவும் முடியும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசர நிலைக்கு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் நன்மைக்கே. ஒப்புதலை மொத்தமாகக் கொடுக்க வேண்டியதில்லை. உணவு கொண்டுவருபவருக்கு உங்களுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தால் போதும். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியவேண்டாம்.

வாசலுக்கு வருபவர் அடையாள அட்டை வைத்திருப்பார். அதை இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டுப் பார்த்து, அவர் சொல்லும் அமைப்பை நீங்களே தேடி எடுத்த எண்ணில் அழைத்து உறுதிசெய்யுங்கள். உண்மையான தொண்டூழியர் அதற்காகக் காத்திருப்பார், வருத்தப்படமாட்டார். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் மறைச்சொல்லையோ வங்கி விவரத்தையோ எந்தத் தொண்டு அமைப்புக்கும் தரத் தேவையில்லை. ஐயம் வந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேள்வி: என் பெரியப்பா ஓய்வுபெற்ற பேருந்துப் பழுதுபார்ப்பாளர். தனியாக இருக்கிறார். எந்தத் தொண்டூழியர் வந்தாலும், “நான் என்ன அநாதையா?” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். என்ன செய்வது? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உதவி பெறுபவராக அவரை அணுகுவதை நிறுத்திவிட்டு, உதவி செய்பவராக அழைத்துப் பாருங்கள். 1998-இல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்விபி சிங்கப்பூர், மூத்த தொண்டூழியர்களுக்கென்றே இயங்கும் அமைப்பு. துடிப்பாக மூப்படைதல் நிலையங்களும் தங்கள் எல்லையில் உள்ள மூத்தோரைத் தொண்டூழியர்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. வாழ்நாள் முழுவதும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த கை அவருடையது. பேட்டையில் சக்கர நாற்காலியின் பிரேக் இறுகிப் போனவர்களும் மின்விசிறி சத்தம் போடும் வீடுகளும் நிச்சயம் இருக்கும்.

இதை நீங்கள் சொல்வதைவிட நிலைய ஊழியர் நேரில் வந்து கேட்பது நல்லது. அந்த ஊழியரிடம் அவருடைய குணத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் சந்திப்பை அவர் வீட்டில் வைக்காமல், அவர் காலையில் தேநீர் குடிக்கும் காப்பிக்கடையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடல்நலத்தைப் பற்றிய கேள்விகள் அன்று வேண்டாம். அவர் நிலையத்துக்கு நாலு வாரம் வந்து பழகிய பிறகு, இரத்த அழுத்தம் பார்க்கும் நாளன்று மற்றவர்களோடு அவரும் கையை நீட்டுவார்.